குருவி வளர்ந்த வீடுகள்

சமையலறைக் கதவு நிலையில் கை வைத்ததும் குருவி அப்படியே நின்றுவிட்டாள். அதுவரை எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரி ஓய்ந்துபோன தையல்காரி, தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும் மனுஷி. மழை பெய்தால் இறுகிக்கொள்ளும் ஜன்னல் எது, குளியலறைத் தரையில் ஆடுகிற ஓடு எது என்று தானாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். விற்கிறவளே வீட்டின் குறையைச் சொல்லிக் குருவி கேட்டதில்லை. குருவி வீட்டுப் புரோக்கர். ஊரில் உள்ள சாவியெல்லாம் அவள் கைப்பையில் ஒருநாளாவது கிடந்திருக்கும். ஆனால் இன்றைக்கு வந்திருப்பது தனக்காக. வங்கியில் கடனுக்குச் சரி என்று சொல்லிவிட்டார்கள், அட்வான்ஸ் பைக்குள் இருக்கிறது, கொடுத்துவிட்டால் முடிந்தது. அம்மா கண்ணை மூடுவதற்குள் அவளைச் சொந்த வீட்டில் ஒருநாளாவது தூங்க வைக்க வேண்டும். குருவியின் ஆசை இவ்வளவுதான், இதற்குமேல் ஒரு பிடி கிடையாது.

நிலையின் உள்பக்கத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, சின்னச் சின்னக் கோடுகள் ஏறிப் போயின. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு வயது எழுதியிருந்தது. டெய்லரம்மா அந்தக் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டு, "எம் பையன். இந்த வீட்லதான் வளந்தான்" என்றாள்.

இந்த வாக்கியத்தைக் குருவி எத்தனை முறை கேட்டிருக்கிறாள்! இதே குரல், இதே விரல், கடைசியில் இதே சின்னப் பெருமூச்சு. அவளுடைய அம்மா வாயிலிருந்து, ஒவ்வொரு வீட்டிலும். குனிந்து பார்த்தாள். எல்லாக் கோடும் நீலப் பேனாவில் இருந்தன. ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஒரே மங்கல். இரண்டு வயதுக் கோடும் பதினாறு வயதுக் கோடும் ஒரே மத்தியானத்தில் பிறந்தவை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே, அந்தக் கதைதான். பாதி திறந்திருந்த கைப்பையின் ஜிப்பைச் சத்தம் வராமல் இழுத்து மூடினாள்.

"எங்கம்மாவையும் ஒருதடவை கூட்டிட்டு வந்து காட்டிடறேன்" என்றாள்.

"தாராளமா கூட்டிட்டு வாம்மா. ஆனா நாளைக்குச் சாயங்காலம் மருந்துக் கடைக்காரர் அட்வான்ஸோட வர்றேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு முன்னாடி வந்துடு. உன்னைப் பாத்தா எனக்குப் பிடிச்சிருக்கு, உனக்கே குடுக்கணும்னு இருக்கு."

இன்னொரு பார்ட்டி! குருவிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அது அப்பாவின் ஆயுதமாயிற்றே. 'சாயங்காலம் இன்னொருத்தர் வர்றார்' என்று அப்பா சொல்லும்போது குரலில் அவ்வளவு வருத்தம் இருக்கும், பாவம் இந்த மனுஷன் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவார் என்று கேட்கிறவர்களுக்கு இரக்கம் வரும்.

அப்பாவுக்கு வீடுதான் தொழில். வீடு கட்டுகிறவர் இல்லை, விற்கிறவரும் இல்லை. வெளியூரில் இருக்கும் உரிமையாளரிடம் நல்ல பெரிய வீடாகப் பார்த்து வாடகைக்குப் பிடிப்பார். குடும்பத்தோடு குடியேறுவார். கொஞ்ச நாளில், 'குடும்பம் வெளிநாடு போகிறது, சொந்த வீடு குறைந்த வாடகைக்கு' என்று விளம்பரம் வரும். பார்க்க வருகிறவர்களில் பிடித்துப்போன எல்லோரிடமும் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார். அவர்கள் சாமான்களோடு வந்து இறங்குகிற நாளில் இவர்கள் வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பார்கள். ஒரு வீட்டில் அப்பா டாக்டர், ஒரு வீட்டில் இன்ஜினியர், ஒரு வீட்டில் கப்பல் கேப்டன். குளத்தில் இடுப்பளவுத் தண்ணீருக்கே கத்துகிற மனுஷர் கேப்டன்! அந்த வீட்டுக்கு வந்த ஒருவர் புயலைப் பற்றிக் கேட்டுவிட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பேசாமல் நின்றார். வந்தவர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். அப்பா அடிக்கடி சொல்வது இதுதான்: "நாம பொய்யே சொல்லக்கூடாது. பேசாம நின்னாப் போதும். பொய்யை அவங்களே சொல்லிப்பாங்க."

பெயர் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் வீட்டுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. அப்பா, அம்மா, அண்ணன், குருவி, அவ்வளவுதான். கதவைச் சாத்தினால் குருவி, திறந்தால் வேறு யாரோ. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூப்பிடும்போது சில சமயம் போன வீட்டுப் பெயரைக் கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பாள். அதற்காக அவள் அழுததாக ஞாபகம் இல்லை. அழுவதற்குத்தான் வேறு வேலை இருந்ததே. வந்தவர்கள் தயங்கினால் 'எனக்கு இந்த வீட்டை விட்டுப் போகப் பிடிக்கலை' என்று குருவி அழ வேண்டும். அதற்கு அம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். சோகமெல்லாம் தேவையில்லை, வருகிற கொட்டாவியை வாயைத் திறக்காமல் தாடைக்குள் அடக்கினால் போதும், கண் தானாக நிறையும். "ஆனா மூக்கு ஒழுகாது, அது மட்டும் நம்ம கையில இல்ல. அதனால மூக்கைத் துடைச்சுக்கிட்டே இரு, யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க" என்பாள் அம்மா.

புது வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, வீட்டுக்கு வயசேற்றுவது. அவர்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு அதுதான் பெயர். பத்து வருஷம் வாழ்ந்த வீடு மாதிரி ஆக்க வேண்டும், அதுவும் ஒரு வாரத்துக்குள். அப்பா சுவரில் ஆணி அடித்துப் பிடுங்குவார், அடித்துப் பிடுங்குவார், படம் மாட்டி மாட்டி இடம் மாற்றிய சுவர் போல ஆகிவிடும். அம்மா அடுப்புக்கு மேலே எண்ணெயும் புகையுமாகக் கறை ஏற்றுவாள். அண்ணனுக்கு சுவிட்சுகள். மண்ணில் கையைப் புரட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு சுவிட்ச் போர்டைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். ஊரில் எல்லா அம்மாக்களும் சுவரை அழுக்காக்கினால் அடிப்பார்கள். இவர்கள் அம்மா, "ஏண்டா, படுக்கையறை சுவிட்ச் இன்னும் பளபளன்னு இருக்கு, சோம்பேறி" என்று திட்டுவாள். குருவியின் வேலை அலமாரிக் கதவின் உள்பக்கம். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பிறகு நகத்தால் பாதி சுரண்ட வேண்டும், யாரோ திட்டி நிறுத்திய மாதிரி. முழுசாகச் சுரண்டினால் அம்மா புதுசு ஒட்டச் சொல்வாள். அந்த ஒரு வாரம்தான் குருவிக்கு வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரம். நால்வரும் ஒரே வீட்டில் ஒரே வேலையைச் செய்துகொண்டு, அப்பா சினிமாக்காரர்களைப் போலப் பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டு, சாயங்காலம் களைத்துப்போய்த் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. அப்படி ஒரு ஒற்றுமையை அப்புறம் அவள் எந்த நல்ல குடும்பத்திலும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் அம்மா மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறப்பாள். அதற்குள் இரண்டு நூல்கண்டுகள். பச்சை அண்ணனுக்கு, சிவப்பு குருவிக்கு. நூலின் ஒரு முனையில் சட்டைப் பொத்தான், அதைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு நூலை மேலே இழுத்தால், ஒரு வயதுக்கு ஒரு முடிச்சு. முடிச்சு வருகிற இடத்தில் நிலையில் ஒரு கோடு. கீழ்க்கோடுகள் பென்சிலில், சில சிவப்புப் பேனாவில், சில கரியில், ஒன்றிரண்டு அம்மாவின் இடது கையால், கோணலாக. "ஒரே பேனாவுல எந்தப் பிள்ளையும் வளராது" என்பார் அப்பா. ஆனால் அவருக்கே ஒரு விஷயம் புரியவில்லை. சும்மா கண்மதிப்பில் நாலு கோடு கிழித்தால் போதாதா, நூல் எதற்கு? அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், நிஜப் பிறந்தநாளுக்கு, கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து முடிச்சுப் போடுவாள். "தலையை நிமித்து. எக்காதே. அசையாதே." அப்பா கேலி செய்தால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "ஊரையே ஏமாத்துங்க, நானும் கூட வர்றேன். ஆனா எம் புள்ளைங்க உயரத்துல பொய் சொல்ல மாட்டேன், ஆமா."

கொய்யா மரம் இருந்த வீட்டுக்கு ஒரு அக்கா வந்தாள். புதிதாகக் கல்யாணமானவள். புருஷன் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்க, இவள் நிலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஒவ்வொரு கோடாகத் தொட்டு, "இந்த வயசுல நீ என்ன பண்ணின?" என்று குருவியைக் கேட்டாள். குருவி சொன்னாள். இந்த வயசில் பின்வாசல் படியில் விழுந்து பல் உடைந்தது, இந்த வயசில் மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தினேன், இந்த வயசில் இந்த அறையில்தான் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே எல்லாம் கண்ணில் தெரிந்தது. இன்றைக்கும் சின்ன வயசை நினைத்தால் குருவிக்கு முதலில் அந்தப் படிதான் ஞாபகம் வரும், விழாமலே உடைந்த அந்தப் பல்லோடு. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் போய், "இந்த வீடுதாங்க" என்றாள். குளியலறையைக்கூடப் பார்க்கவில்லை. சாமான் ஏற்றிய லாரியில் போகும்போது அண்ணன் மட்டும், "அந்த அக்கா நாளைக்கு வந்து நிப்பாங்கல்ல?" என்று கேட்டான். அதற்கப்புறம் அவன் சுவிட்சுகளில் கை வைக்கவில்லை. மீசை முளைத்ததும் ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றான். "என் நூலைக் குடு" என்றான். அம்மா எடுத்துக் கொடுத்தாள். அவன் எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை தெரியாது. அன்றோடு அம்மா அளப்பதை விட்டுவிட்டாள். சிவப்பு நூலில் கடைசி முடிச்சு குருவியின் பன்னிரண்டு வயதில் நிற்கிறது. அண்ணன் இல்லாத குடும்பம் வீட்டைக் காட்டினால் பாதிக் கோடுகளுக்கு ஆள் இல்லையே, தொழிலும் மெல்லப் படுத்துவிட்டது. அப்பா கடைசியாக வாடகையை ஒழுங்காகக் கொடுத்து ஒரு சின்ன வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "நாணயமா இருந்து பாத்தாரு, உடம்புக்கு ஒத்துக்கல" என்று அம்மா துக்கத்துக்கு வந்தவர்களிடமே சொன்னாள்.

டெய்லரம்மா வீட்டிலிருந்து குருவி திரும்பியபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இது வாடகை வீடு, குருவியின் கல்யாணம் ஒட்டாமல் போனதிலிருந்து அம்மாவும் பெண்ணும் இங்கேதான். இத்தனை வருஷத்தில் இந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்க அம்மா விட்டதில்லை. கடிகாரம் அலமாரிமேல் சாய்ந்து நிற்கிறது, அப்பாவின் படம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. "அடுத்தவன் சுவத்துல அடிச்சதெல்லாம் போதும். சொந்தமா ஒரு சுவர் வரட்டும், அடிக்கறேன்" என்பாள்.

"என்னடி, குடுத்துட்டியா?"

"இல்லம்மா. அது நம்ம ஆளுங்க வேலை மாதிரி இருக்கு." குருவி கோடுகளைப் பற்றிச் சொன்னாள்.

அம்மாவின் முகத்தில் வருத்தம் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு. முதுகு நிமிர்ந்தது, கண் மினுங்கியது. "ஒரே பேனாவா? சீ, கத்துக்குட்டி. உங்கப்பா இருந்திருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பாரு. வேற என்ன பண்ணியிருக்காங்க? சுவிட்சு பாத்தியா? அடுப்புச் சுவர்?" என்று அடுக்கிக்கொண்டே போனாள். "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. நான் பாக்கணும்."

மறுநாள் மத்தியானம் ஆட்டோவில் போகும்போது அம்மா பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளை மாதிரி இருந்தாள். நல்ல உடை, அழுந்த வாரிய தலை, மடியில் கைப்பை. கேப்டன் புயலைப் பார்த்து நின்ற கதையை அம்மா ஆரம்பிக்க, இருவரும் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிரித்து முடித்ததும் குருவி கணக்குப் போட்டாள். இந்த வீடு பொய் என்றால் இன்னொரு வீடு பார்க்க வேண்டும், இன்னொரு தடவை வங்கி வாசலில் நிற்க வேண்டும். அதுவரை அம்மாவின் முழங்கால் தாங்குமா, அம்மாவே தாங்குவாளா, யாருக்குத் தெரியும்.

டெய்லரம்மா வாசலுக்கே வந்து, "வாங்கக்கா, படி உயரம், பாத்து" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நன்றி சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டாள். பேச்சு வானிலையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் போய்க்கொண்டிருக்க, கை மட்டும் சுவிட்ச் போர்டின் ஓரத்தைத் தடவியது. அடுப்புச் சுவரின் அருகே போய் முகர்ந்து பார்ப்பது போல நின்றாள். அலமாரிக் கதவை, "மரம் நல்ல மரமா இருக்கே" என்று திறந்து உள்பக்கம் பார்த்தாள். பாதி சுரண்டிய ஸ்டிக்கர்கள். டெய்லரம்மா தேநீர் போடத் திரும்பிய இடைவெளியில் குருவியின் காதோடு சொன்னாள், "இதெல்லாம் நெஜம்டி. இந்த அழுக்கை ஒரு வாரத்துல சேக்க முடியாது, உங்கப்பனாலயே முடியாது."

பிறகு நிலைக்கு முன்னால் போய்க் குனிந்தாள். நேரம் போனது.

"இது மட்டும் பொய்" என்றாள் அம்மா மெல்ல. "மத்ததெல்லாம் நெஜமா வச்சுக்கிட்டு இதுல எதுக்கு... இரு, நான் பக்குவமா கேக்கறேன்."

ஆனால் குருவிக்குப் பொறுமை இல்லை. நேற்றிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம், வீடு கிடைக்கும் என்று நம்பியதும், நம்பியதற்காகத் தன்மேலேயே வந்த ஆத்திரமும், ஒன்றாகச் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. தேநீரோடு திரும்பிய டெய்லரம்மாவிடம் சட்டென்று கேட்டாள், "இந்தக் கோடெல்லாம் எப்பப் போட்டீங்க? ஒரே நாள்ல போட்டதுதானே? பையன்னு ஒருத்தர் நெஜமாவே இருக்காரா?"

டெய்லரம்மா தட்டைக் கீழே வைத்தாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது, புரிவது முகத்தில் தெரிந்தது. பின்கட்டுக்குப் போனாள். ஏதோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. பழைய போர்வையில் சுற்றிய ஒரு நீளமான கட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்துப் பிரித்தாள்.

பழைய நிலையின் ஒரு பக்கச் சட்டம். அடிப்பாகம் முழுக்கக் கறையான் தின்று, தொட்டால் உதிரும்படி இருந்தது. அதில் கோடுகள். ஒன்று பென்சில், ஒன்று சிவப்புப் பேனா, ஒன்று கத்தியால் கீறியது, ஒன்று கைநடுங்கிச் சரிந்தது. ஒரு வயதுக்கு இரண்டு கோடுகள், முதலாவதை அடித்திருந்தது. பையன் எக்கி நின்று மாட்டிக்கொண்டிருப்பான்.

"கறையான் ஏறிடுச்சு. நிலையை மாத்தணும்னு தச்சர் சொன்னாரு. பழசை விறகுக்குக் கேட்டாரு. குடுப்பேனா நான்? டேப்பு வச்சு ஒவ்வொண்ணா அளந்து புதுசுல போட்டேன். இதெல்லாம் எங்க வீட்டுக்காரர் போட்டது. அவர் போயிட்டாரு, அவர் கையெழுத்து எனக்கு வரல. என் கையில இருந்தது ஒரு பேனாதான்." அவள் நிமிர்ந்து குருவியைப் பார்த்தாள். "ஏம்மா, நான் ஏமாத்தறவ மாதிரியா இருக்கேன்?"

குருவியால் தலையைத் தூக்க முடியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்பதற்குள் லாரி ஊரைத் தாண்டியிருக்கும். கேட்காமல் போன எல்லோருடைய முகமும் கொய்யா மர வீட்டு அக்காவின் முகமாக வந்து நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரள வைத்தவனுக்கும் அதே கண்தான் போலிருக்கிறது. "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றாள்.

"நினைக்கறதுக்கு என்ன இருக்கு" என்றாள் டெய்லரம்மா. "நம்பிக்கை இல்லாதவங்க இங்க வந்து இருந்து என்ன பண்ணப் போறீங்க? நான் மருந்துக் கடைக்காரருக்கே குடுத்துடறேன். தேநீரைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க."

முடிந்தது. குருவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிடத் திரும்பினாள். அம்மா நின்ற இடத்தில் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தரையில் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கைப்பையைத் திறந்து பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அதற்குள்ளிருந்து நிறம் வெளுத்த சிவப்பு நூல் வந்தது. பொத்தானைக் கட்டையின் அடியில் வைத்து நூலைக் கோடுகளின்மேல் நீட்டினாள்.

"ஏழு வயசுல உங்க பையன் எங்க குருவியை விட ஒரு விரல் கம்மி" என்றாள்.

டெய்லரம்மா பதில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. "அப்ப அவனுக்குச் சாப்பாடே இறங்காது. பத்துக்கு மேலதான் விருட்டுன்னு வளந்தான், பாருங்க" என்று அவளும் குனிந்தாள்.

"ஆமா, இங்க இவளைத் தாண்டிட்டான்."

"அது என்ன நூலு?"

"இவ வளந்தது. நிலையைத் தூக்கிட்டு வர முடியலையே, அதான் நூல்ல."

"உங்க வீட்டு நிலை எங்க இருக்கு?"

குருவிக்குத் தெரியும், இந்த இடத்தில்தான் அம்மா கதையை ஆரம்பிப்பாள். வெள்ளத்தில் போன வீடு வரும், இல்லாவிட்டால் பங்காளிகள் பிடுங்கிக்கொண்ட வீடு வரும். அம்மாவின் கண் நிறைய ஆரம்பித்துவிட்டது. குருவி பழக்கத்தில் அவள் தாடையைப் பார்த்தாள்.

"நிறைய வீடும்மா. ஒண்ணுகூட எங்களுது இல்ல" என்றாள் அம்மா. "வாடகைக்குப் பிடிப்போம். இந்த நூலை வச்சு நிலையில கோடு போடுவோம். இங்கதான் எம் புள்ளைங்க வளந்துச்சுன்னு சொல்லி, வர்றவங்க எல்லார்கிட்டயும் பணத்தை வாங்கிட்டு ஓடிடுவோம். அதான் எங்க பொழப்பு. இவ உங்களைக் கேட்டுட்டாளே, அவ மேல தப்பு இல்ல. அவளுக்குத் தெரிஞ்ச கோடெல்லாம் நான் போட்ட கோடு. எல்லா நிலையிலயும் நான் பொய்யாப் போட்டேன். ஆனா அளவு மட்டும் நெஜம்மா. அளவுல நான் ஏமாத்தவே இல்ல. பெரியவன் அவன் நூலை எடுத்துட்டுப் போயிட்டான். எங்கேயாவது விரிச்சுப் பாப்பானா, இல்ல தூக்கிப் போட்டுட்டானான்னு..."

தாடை தளர்ந்து கிடந்தது. கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. அம்மாவின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. குருவி தன் வாழ்நாளில் அம்மாவின் மூக்கு ஒழுகி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அப்பா செத்த அன்றுகூட அம்மா சுத்தமான முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூக்கைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள்.

டெய்லரம்மா அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை, நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க ஆட்களை அளந்தவள். கடைசி முடிச்சைப் பிடித்து, அதற்கு மேலே வெறுமனே தொங்கிய நூலை விரலில் சுற்றினாள்.

"இதுக்கு மேல அளக்கலையா?"

"பெரியவன் போனப்புறம் மனசு வரல."

"நூலு மிச்சம் இருக்கே."

"இருக்கு."

"அளவெடுத்தா முழுசா எடுக்கணும், பாதில விடக்கூடாது" என்றாள் டெய்லரம்மா, யாரையோ கண்டிக்கிற குரலில். எழுந்து போய்த் தையல் மெஷின் இழுப்பறையைத் துழாவினாள். திரும்பி வந்தபோது கையில் அந்த நீலப் பேனாவும், மெஷினுக்கு முன்னால் கிடக்கும் குட்டை ஸ்டூலும் இருந்தன. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குருவியைப் பார்த்து நிலையின் பக்கம் தலையை ஆட்டினாள். "செருப்பைக் கழட்டிட்டு நில்லு."

குருவி போய் நின்றாள். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் மரத்தில் பட்டன. நாற்பது வயதைத் தாண்டியவள், ஊருக்கே வீடு காட்டுகிறவள், எச்சிலை விழுங்கிக்கொண்டு நேராக நின்றாள். அம்மாவுக்கு இப்போது அவளுடைய தலை எட்டவில்லை. எப்போது இவ்வளவு குள்ளமானாள்? டெய்லரம்மா ஸ்டூலைப் போட்டு, அம்மாவை அதன்மேல் ஏற்றி, பேனாவைக் கையில் கொடுத்து, விழுந்துவிடாமல் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் உள்ளங்கை குருவியின் உச்சந்தலையில் தட்டையாக வந்து உட்கார்ந்தது.

வாசலில் அழைப்பு மணி அடித்தது. மருந்துக் கடைக்காரராகத்தான் இருக்கும். குருவியால் யாரையும் பார்க்க முடியவில்லை, கண்ணுக்கு எதிரே அடுப்புச் சுவரின் பழைய கறை மட்டும் இருந்தது. டெய்லரம்மா அம்மாவின் இடுப்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மணி மறுபடியும் அடித்தது, காலடிச் சத்தம் எழவில்லை.

"தலையை நிமித்து" என்றாள் அம்மா, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே. "எக்காதே. அசையாதே."